பழைய உயர்ரக ஆம்ப்ளிஃபயர்: எது தேய்கிறது, எதைக் காப்பாற்ற வேண்டும்?

2024 நவம்பரில் போஸ் நிறுவனம் மக்கின்டாஷ் குழுமத்தை வாங்கியது. 2025 மே மாதம், டெனான், மராண்ட்ஸ் பெயர்களை வைத்திருக்கும் சவுண்ட் யுனைடெட்டை 35 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக ஹார்மன் அறிவித்தது. மார்க் லெவின்சன் ஏற்கெனவே ஹார்மனிடம்தான் இருக்கிறது. அந்த ஹார்மனை 2017-இல் சாம்சங் 800 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. உயர்ரக ஆடியோவின் பழைய பெயர்கள் பலவும் இப்படிச் சில பெரிய கைகளுக்குள் வந்துவிட்டன.

இப்படி ஒரு செய்தி வந்தால், முப்பது நாற்பது வருடப் பழைய ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கவலை வருகிறது: கம்பெனி கைமாறிவிட்டால் இந்த செட்டை இனி யார் பார்ப்பார்கள்? பழைய செட் வாங்க நினைப்பவர்களுக்கு வேறு குழப்பம். ஒரு விற்பனையாளர் "எல்லாம் ஒரிஜினல், உள்ளே கையே வைக்கவில்லை" என்கிறார். இன்னொருவர் "எல்லா கெப்பாசிட்டரும் மாற்றியாச்சு" என்கிறார். இருவருமே தான் சொல்வதைச் சிறப்பு என்றே சொல்கிறார்கள். எதை வாங்குவது?

இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் மொத்தமாக வயதாவதில்லை. உள்ளே இருக்கும் பாகங்களில் சில இயல்பாகவே தேய்பவை. அவை விலை குறைவு, இன்றும் எளிதாகக் கிடைக்கும். சில கிட்டத்தட்ட தேயவே தேயாது. அப்படித் தேயாதவற்றுக்குள்ளேயே சில இருக்கின்றன: ஒருமுறை எரிந்துவிட்டால் உலகத்தில் எங்கு தேடினாலும் புதிதாகக் கிடைக்காது. மலிவான முதல் வகைப் பாகம் கெட்டு, கிடைக்காத அந்தப் பாகத்தை எரித்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பராமரிப்பு. இதைப் புரிந்துகொண்டால் எதில் கை வைக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்பது தெளிவாகிவிடும்.

உள்ளே என்ன இருக்கிறது

சுவர் பிளக்கிலிருந்து வரும் மின்சாரத்தை எடுத்து, பாட்டின் சிக்னல் சொல்லும் வடிவத்தில் ஸ்பீக்கருக்கு அனுப்புவதுதான் ஆம்ப்ளிஃபயரின் வேலை. இதற்கு நான்கு பகுதிகள் இருக்கின்றன.

1. பவர் சப்ளை. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத் தேவையான அளவுக்கு மாற்றும். ரெக்டிஃபயர் அதை ஒரே திசை மின்சாரமாக்கும். ஆனால் அது நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி, வரத்து விட்டுவிட்டு வந்தாலும் வெளியே சீராகக் கொடுப்பவை பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள்.

2. முன் நிலை. சிறிய சிக்னலின் வோல்டேஜை இது பெரிதாக்கும்.

3. அவுட்புட் நிலை. ஹீட் சிங்கில் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகளில்) பொருத்திய பெரிய டிரான்சிஸ்டர்கள், அல்லது வால்வுகளும் (பழைய கண்ணாடிக் குழாய் வகை) அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும். ஸ்பீக்கருக்கு வேண்டிய கரண்டைத் தருபவை இவைதான்.

4. பாதுகாப்பு. ஃபியூஸ், ஸ்பீக்கர் ரிலே (ஆபத்து வந்தால் ஸ்பீக்கரைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்). ஒலியின் தரத்துக்காக ரிலேயே வேண்டாம் என்று விட்டுவிட்ட உயர்ரகத் தயாரிப்புகளும் உண்டு.

டிரான்ஸ்ஃபார்மர், ரெசிஸ்டர்கள், ஃபிலிம் கெப்பாசிட்டர்கள், சிலிக்கன் டிரான்சிஸ்டர்கள் ஆகியவை அளவோடு சூடாகும்வரை பல பத்தாண்டுகள் ஓடும். தேய்பவை எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், ரிலேயின் தொடுமுனை, சுவிட்ச், வால்யூம் கண்ட்ரோல், பிரீசெட் (உள்ளே அளவைச் சரிசெய்யும் சின்னத் திருகு), ஹீட் சிங்க் பேஸ்ட், சால்டர் இணைப்பு. இவை எல்லாவற்றையும் வேகமாகக் கெடுப்பது சூடு. எனவே முதலில் சூட்டைப் பார்த்துவிடலாம்.

சூடு எங்கிருந்து வருகிறது

அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் ஜோடியாக வேலை செய்கின்றன. அலையின் மேல்பாதிக்கு ஒன்று, கீழ்ப்பாதிக்கு இன்னொன்று. ஒன்று அணைந்து மற்றது விழிக்கும் இடத்தில் அலை சற்று முறியும். அதைத் தவிர்க்க, பாட்டே இல்லாத நேரத்திலும் இரண்டிலும் கொஞ்சம் கரண்ட் ஓடவிடுகிறார்கள். இதற்குப் பெயர் பயாஸ். கொஞ்சமாக ஓடவிட்டால் அது கிளாஸ் ஏபி. எந்த நேரத்திலும் இரண்டுமே அணையாத அளவுக்கு ஓடவிட்டால் கிளாஸ் ஏ.

கிளாஸ் ஏ எவ்வளவு சூடாகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 8 ஓம் ஸ்பீக்கரில் 50 வாட் வேண்டுமானால் உச்சத்தில் சுமார் 3.5 ஆம்பியர் கரண்ட் வேண்டும். அதில் பாதி, அதாவது ஏறக்குறைய 1.77 ஆம்பியர், ஒவ்வொரு சேனலிலும் எப்போதும் ஓட வேண்டும். சப்ளை கூட்டல் 35, கழித்தல் 35 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் ஒரு சேனலுக்கு 124 வாட், இரண்டு சேனலுக்கும் சேர்த்து 250 வாட்டுக்குப் பக்கத்தில். பாட்டு ஓடாமல் சும்மா இருக்கும்போதே இவ்வளவும் வெப்பமாக வெளியேறுகிறது. 1980களின் தொடக்கத்தில் வந்த க்ரெல் கேஎஸ்ஏ-50 இந்த வகையைச் சேர்ந்தது. அந்த வெப்பத்தை வெளியே தள்ள உள்ளேயே ஃபேன் வைத்திருந்தார்கள். ஃபேன் இருந்தால் தூசியும் உள்ளே வரும். அந்த ஃபேனுக்கும் வயதாகும்.

இதற்கு நேரெதிர் இங்கிலாந்தின் குவாட் 405. 1975-இல் வந்த இந்த செட்டில் பீட்டர் வாக்கரின் நிறுவனம் 'கரண்ட் டம்பிங்' என்ற வேறொரு வழியைக் கையாண்டது. சிறிய கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயர் ஒன்று துல்லியத்தைப் பார்த்துக்கொள்ளும். பெரிய டிரான்சிஸ்டர்கள் தேவைப்படும்போது மட்டும் கரண்டைக் கொட்டும். அவற்றுக்குப் பயாஸ் வேண்டியதில்லை, சரிசெய்ய பிரீசெட்டும் இல்லை. ஒரு சேனலுக்கு 100 வாட் தரும் செட் சும்மா இருக்கும்போது குளிர்ந்தே இருக்கும். நாற்பது வருடம் கழித்து இரண்டையும் திறந்தால், குவாட்டில் வேலை குறைவாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த அமைப்புதான். எதன் ஒலி உயர்ந்தது என்பது தனி விவாதம். நீண்டநாள் வைத்துக்கொள்ளும் செலவு என்று பார்த்தால், குளிர்ந்த செட்டுக்கே என் வாக்கு.

கெப்பாசிட்டரின் ஆயுளைக் கணக்கிடுவது

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் என்பது இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவே திரவம் ஊறிய காகிதம். ஒரு தகட்டின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். மின்சாரத்தைத் தாங்கி நிற்பது அந்தப் படலம்தான். திரவம் ரப்பர் மூடி வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். திரவம் குறையும்போது உள் எதிர்ப்பு ஏறும். இதைத்தான் மெக்கானிக்குகள் இஎஸ்ஆர் என்கிறார்கள். கொள்ளளவும் குறையும். ஸ்பீக்கரில் லேசான ஹம் கேட்கும், பேஸ் தளரும், முன் நிலையில் இருந்தால் சலசலப்பும் சேரும்.

இவற்றின் ஆயுளை மணிக்கணக்கில் குறிப்பிடுவார்கள். "85 டிகிரியில் 2,000 மணி நேரம்" என்பது பழைய செட்டுகளில் சாதாரணமாகக் காணும் அளவு. பத்து டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. 65 டிகிரியில் வேலை செய்தால் 8,000 மணி. 45 டிகிரியில் 32,000 மணி. நாளுக்கு மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்பவருக்கு வருடம் 1,095 மணி. அதாவது ஒரே கெப்பாசிட்டர் சூடான செட்டில் ஏழு வருடம், குளிர்ந்த செட்டில் இருபத்தொன்பது வருடம்.

ஆயுள் முடிந்தது என்றால் அன்றே வெடித்துவிடும் என்று அர்த்தமில்லை. தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குள் இனி நிற்காது, அவ்வளவுதான். இருந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, "எப்போதும் ஆனிலேயே இருக்கட்டும், அப்போதுதான் ஒலி நன்றாக இருக்கும்" என்ற பழக்கத்துக்கு விலை உண்டு. வருடத்துக்கு 8,760 மணி ஓடினால், அந்த இருபத்தொன்பது வருடம் நான்கு வருடத்துக்கும் கீழே வந்துவிடும். இரண்டு, அறையின் சூடு நேரடியாகக் கணக்கில் சேரும். குளிர்நாட்டு அறைக்குப் பழகிய செட்டை, ஏசி இல்லாத சென்னை அறையில், அதுவும் மூடிய அலமாரிக்குள் வைத்தால் பத்து டிகிரி கூடுதல் சுலபமாக வந்துவிடும். ஆயுளில் பாதி போயிற்று.

ஓடாமலே வைத்திருந்தால் தப்பிக்கலாமா? அதுவும் முடியாது. வோல்டேஜ் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அந்த ஆக்சைடு படலம் பலவீனமாகிவிடும். திடீரென்று முழு மின்சாரம் கொடுத்தால் கெப்பாசிட்டர் கரண்டைக் கசியவிட்டுச் சூடாகும். பத்து வருடம் பரணில் இருந்த செட்டை எடுத்தவுடன் பிளக்கில் சொருகிவிடக் கூடாது என்பது இதனால்தான்.

மலிவான பாகம் பெரிய பாகத்தை எரிக்கும் விதம்

பழைய ஆம்ப்ளிஃபயர்களின் மரணங்களில் கணிசமானவை கீழே சொல்லும் நான்கு வழிகளில் ஏதாவது ஒன்றில் நடக்கின்றன.

1. பிரீசெட். பயாஸ் கரண்டை அமைக்கும் சின்னத் திருகு இது. திறந்த கார்பன் தடத்தின் மேல் ஒரு உலோக நாக்கு தொட்டுக்கொண்டிருக்கும். தூசியும் ஈரமும் சேர்ந்து ஒருநாள் அந்தத் தொடுகை அறுந்துபோகும். பிறகு என்ன ஆகும் என்பது சர்க்யூட்டை வரைந்தவர் அதை எங்கே வைத்தார் என்பதைப் பொறுத்தது. பயாஸை நிர்ணயிக்கும் டிரான்சிஸ்டருக்கு பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று மூன்று கால்கள். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே இருந்தால், தொடுகை அறுந்ததும் பயாஸ் குறையும். ஒலி கொஞ்சம் கரகரக்கும், சேதமில்லை. கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே இருந்தால், பயாஸ் டிரான்சிஸ்டர் அணைந்து பயாஸ் வோல்டேஜ் எகிறும். அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் இரண்டும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்துகொள்ளும். ஃபியூஸ் போவதற்குள் அவை போய்விடலாம். சில ரூபாய்ப் பொருள் நாற்பது வருட டிரான்சிஸ்டர்களைக் கொண்டுபோகிறது.

2. வி-ஃபெட் செட்டுகளின் பயாஸ். இதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. ஜப்பானில் ஜுன்-இச்சி நிஷிசாவா 1950-இல் கண்டறிந்த ஒரு வகை டிரான்சிஸ்டரை, வி-ஃபெட் என்ற பெயரில், 1970களின் நடுவில் யமஹாவும் சோனியும் ஆம்ப்ளிஃபயர்களில் கொண்டுவந்தன. யமஹா பி-1 வந்தது 1974-இல். வால்வைப் போன்ற குணம் கொண்டவை என்பதால் இன்றும் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள். ஆனால் சாதாரண டிரான்சிஸ்டர் கட்டளை வந்தால்தான் திறக்கும். வி-ஃபெட் கட்டளை இல்லாவிட்டால் திறந்தே கிடக்கும். அதை மூடி வைத்திருப்பதே பயாஸ் வோல்டேஜ்தான். அந்த வோல்டேஜ் அறுந்தால் முழுக் கரண்டும் பாய்ந்து எரிந்துவிடும். சோனி டிஏ-5650 போன்ற செட்டுகளில் பயாஸை நிர்ணயிக்கும் ஒரு சின்ன டையோடு நாட்பட்டுப் பழுதாவது மெக்கானிக்குகளுக்கு நன்றாகத் தெரிந்த வியாதி. அதன் இடத்தில் இன்றைய டையோடுகளைப் போட்டுவிடலாம். எரிந்த வி-ஃபெட்டுக்கு நேரான மாற்று தயாரிப்பில் இல்லை. இப்படி ஒரு செட் கைக்கு வந்தால், ஆசைக்கு ஒரு பாட்டுகூடப் போட்டுப் பார்க்காமல், முதலில் அந்த டையோடுகளை மாற்றுவதுதான் சரி.

3. பழுப்புப் பசை. 1970, 80களின் ஜப்பானியத் தயாரிப்புகளில் பெரிய பாகங்கள் ஆடாமல் இருக்க வெளிர்மஞ்சள் பசை தடவியிருப்பார்கள். சான்சுய் ஏயு-717, ஏயு-919 போன்றவற்றில் இதைப் பார்க்கலாம். சூட்டில் வருடங்கள் போகப்போக அது பழுப்பாகி இறுகி, ஈரத்தை இழுத்து, மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் டையோடு, ரெசிஸ்டர் கால்களை அரித்துப் பச்சையும் கருப்புமாக ஆக்கிவிடும். ஒலியில் விட்டுவிட்டு வரும் பொரிச்சலுக்கும், காரணம் தெரியாமல் ரிலே விழுவதற்கும் பின்னால் இந்தப் பசை இருக்கலாம். மர ஈர்க்கு கொண்டு பொறுமையாகச் சுரண்டி எடுத்து, அரித்த கால்களை மாற்ற வேண்டும். கெப்பாசிட்டரை எல்லாம் புதிதாக்கிவிட்டு இந்தப் பசையை அப்படியே விட்டுவைத்த செட் பழுது பார்த்த செட் ஆகாது.

4. வால்வு ஆம்ப்ளிஃபயரின் கிரிட் வோல்டேஜ். வால்வுக்கும் மூடிப் பிடிக்க, கிரிட் என்ற உள்கம்பி வலையில் ஒரு எதிர்மறை வோல்டேஜ் வேண்டும். 1959-இல் வந்த டைனாகோ எஸ்டி-70 போன்ற செட்டுகளில் இதைத் தருவது ஒரு செலினியம் ரெக்டிஃபயர். வயதானால் அது தரும் வோல்டேஜ் குறையும். முந்தைய நிலையிலிருந்து சிக்னல் கொண்டுவரும் பழைய காகிதக் கெப்பாசிட்டர் கசிந்தாலும் இதே கதிதான். வால்வின் உள்தகடு சிவந்து தகிக்கும். வால்வு போனால் வேறு வாங்கலாம், கேடி88, இஎல்34 வகைகள் இன்றும் தயாராகின்றன. ஆனால் அந்தக் கரண்ட் முழுக்க அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் போகிறது. மக்கின்டாஷ் எம்சி275 போன்றவற்றின் டிரான்ஸ்ஃபார்மர் சுற்று மிகச் சிக்கலானது. எந்தக் கடையிலும் அதைச் சுற்றித் தந்துவிட முடியாது.

இவற்றோடு ஸ்பீக்கரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் சப்ளை வோல்டேஜ் முழுதும் ஸ்பீக்கருக்குப் போகும். ரிலே இருந்தால் துண்டிக்கும். ஆனால் தொடுமுனை கருத்த பழைய ரிலே அந்த நேரத்தில் ஒட்டிக்கொள்ளவும் கூடும். ரிலே தேய்ந்திருப்பதற்கு ஒரு எளிய அடையாளம் உண்டு: குறைந்த சத்தத்தில் ஒரு பக்கம் மங்கலாகவோ கேட்காமலோ இருக்கும், வால்யூமை ஒருமுறை ஏற்றியதும் வந்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும். புது ரிலே போடுவதே நல்லது.

ஒரிஜினலா, மாற்றியதா?

இப்போது விற்பனையாளர்களின் இரண்டு வாக்கியத்துக்கு வரலாம். "எல்லாம் ஒரிஜினல்" என்றால், மேலே சொன்ன நான்கில் அந்த செட்டுக்குப் பொருந்துபவை நடப்பதற்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அது மோசமான செய்தி அல்ல. யாரும் கெடுக்காத சர்க்யூட், ஒரிஜினல் டிரான்சிஸ்டர்கள், உரிக்கப்படாத போர்டு என்பதும் அதற்குள் இருக்கிறது. விலையில் முழுப் பராமரிப்புச் செலவையும் கழித்துக்கொண்டு வாங்கலாம்.

"எல்லாம் மாற்றியாச்சு" என்பது யார் மாற்றினார்கள் என்பதைப் பொறுத்தது. 1970களின் போர்டுகளில் செம்புத் தடம் லேசாகத்தான் ஒட்டியிருக்கும். சால்டரிங் அயர்னை இரண்டு விநாடி கூடுதலாக வைத்தால் தடம் உரிந்து மேலே வந்துவிடும். எண்பது கெப்பாசிட்டர் மாற்றினால் நூற்றறுபது இடத்தில் அந்த ஆபத்து. துருவம் மாற்றிப் போட்ட ஒன்று போதும். இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது: "பெரிசு போட்டா பேஸ் நல்லா வரும்" என்று, 10,000 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 33,000 போட்டுவிடுவார்கள். ஆன் செய்யும் நொடியில் அவை இழுக்கும் கரண்டை அந்தப் பழைய ரெக்டிஃபயரும் பவர் சுவிட்சும் தாங்க வேண்டும். சுவிட்ச் அந்த மாடலுக்கே உரியதாக இருந்தால் அதற்கும் மாற்று கிடைக்காது.

என் அபிப்பிராயம் இது: நல்ல கையால், அளவெடுத்து, குறிப்பு எழுதி வேலை செய்த செட் கிடைத்தால் அதை வாங்குங்கள். அப்படி ஆதாரம் இல்லையென்றால் தொடாத செட்டே மேல். எடுத்த பழைய பாகங்களைப் பையில் போட்டுச் செட்டோடு கொடுக்கும் மெக்கானிக்கை நம்பலாம்.

ஃபிலிம் கெப்பாசிட்டர்களை "புதுசு நல்லது" என்று மாற்ற வேண்டியதில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. பிளக் பக்கத்தில், மின்சார இரைச்சலை வடிகட்டும் பழைய காகித வகைக் கெப்பாசிட்டர். அதன் ஒளி ஊடுருவும் மேலுறையில் விரிசல் விழுந்து ஈரம் உள்ளே போகும். பிறகு ஒருநாள் நாற்றமும் புகையுமாக வெடிக்கும். விரிசல் தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

மாற்று டிரான்சிஸ்டரும் போலிகளும்

அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விட்டால் மாற்று கிடைக்குமா என்பது வகையைப் பொறுத்தது. மோட்டரோலாவின் எம்ஜே15003 போன்ற உலோகக் குடுவை வகைகளுக்கு, அந்தக் கம்பெனியின் செமிகண்டக்டர் பிரிவு 1999-இல் தனியாகப் பிரிந்து உருவான ஆன்செமியிடம் இன்றும் வழி இருக்கிறது. ஹிட்டாச்சியின் 2எஸ்கே134, 2எஸ்ஜே49 மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர்களின் தயாரிப்பு நின்றுபோய்விட்டது. தோஷிபாவின் இரைச்சல் குறைந்த 2எஸ்கே170 ஜேஃபெட் டிரான்சிஸ்டரும் நின்றுவிட்டது; லீனியர் சிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் எல்எஸ்கே170 என்ற பெயரில் அதற்கு மாற்று தயாரிக்கிறது.

நின்றுபோன எண் சந்தையில் மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்பட வேண்டும். வேறு டிரான்சிஸ்டரின் எழுத்தைச் சுரண்டிவிட்டு, இந்த எண்ணைப் பொறித்து விற்கும் போலிகள் ஏராளம். தோஷிபா 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடிக்கு வந்திருக்கும் போலிகளுக்கு அளவே இல்லை. மவுசர், டிஜிகீ, எலிமென்ட்14 போன்ற அதிகாரபூர்வ விநியோகஸ்தர்களிடம் வாங்குவதே பாதுகாப்பு.

அசல் மாற்றாகவே இருந்தாலும் வேலை அத்தோடு முடியாது. இன்றைய டிரான்சிஸ்டர்கள் பழையவற்றைவிட வேகமானவை. மெதுவான டிரான்சிஸ்டருக்காக வரைந்த சர்க்யூட்டில் வேகமானதைப் போட்டால், காதுக்குக் கேட்காத அலைவரிசையில் ஆம்ப்ளிஃபயர் தானாகவே ஊசலாடத் தொடங்கலாம். பாட்டு நன்றாகவே கேட்கும், ஹீட் சிங்க் மட்டும் காரணமில்லாமல் கொதிக்கும். மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்க்காமல் இது தெரியாது. ஆசிலோஸ்கோப் இல்லாத இடத்தில் அவுட்புட் டிரான்சிஸ்டர் மாற்றக் கொடுக்காதீர்கள்.

ஒர்க்‌ஷாப்பில் எந்த வரிசையில் வேலை நடக்க வேண்டும்

செட்டை மெக்கானிக்கிடம் கொடுப்பவருக்கும் இந்த வரிசை தெரிந்திருப்பது நல்லது.

1. மின்சாரம் கொடுக்கும் முன் கண்ணால் பார்ப்பது. வீங்கிய கெப்பாசிட்டர், பழுப்புப் பசை, கருகிய ரெசிஸ்டர், வளைந்த போர்டு. கூரியரில் வந்த கனமான செட்டில் டிரான்ஸ்ஃபார்மர் திருகுகளையும் பார்க்க வேண்டும்.

2. பெரிய கெப்பாசிட்டர்களில் மிச்சமிருக்கும் சார்ஜை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடிப்பது. டிரான்சிஸ்டர் செட்டில் 70, 80 வோல்ட், வால்வு செட்டில் 400, 500 வோல்ட் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். பின்னது உயிரை எடுக்கும். அனுபவமில்லாதவர்கள் வால்வு செட்டைத் திறக்கவே வேண்டாம்.

3. சீரிஸ் பல்ப் (செட்டுக்குப் போகும் மின்சாரத்தின் பாதையில் தொடராக இணைத்த பல்பு) வழியாக முதல் மின்சாரம். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு, எல்இடி உதவாது. பல்பு ஒருமுறை பிரகாசித்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். கிளாஸ் ஏ செட்டில் இந்தச் சோதனை ஏமாற்றும், ஏனென்றால் அது நன்றாக இருந்தாலும் நிறைய கரண்ட் இழுக்கும். முதலில் பயாஸைக் குறைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். நெடுநாள் கிடந்த செட்டுக்கு வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) கொண்டு வோல்டேஜை மெதுவாக ஏற்றுவது இன்னும் நல்லது.

4. ஸ்பீக்கர் இணைக்காமல், ஸ்பீக்கர் முனையில் டிசி ஆஃப்செட் (பாட்டே இல்லாதபோதும் அங்கு நிற்கும் ஒரே திசை வோல்டேஜ்) அளப்பது. பத்து இருபது மில்லிவோல்ட் இயல்பு. 50-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும்.

5. பயாஸ் அளப்பது. அவுட்புட் டிரான்சிஸ்டரின் எமிட்டர் ரெசிஸ்டர் மேல் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். 0.22 ஓம் ரெசிஸ்டரில் 22 மில்லிவோல்ட் தெரிந்தால் 100 மில்லிஆம்பியர் ஓடுகிறது. எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை சர்வீஸ் மேனுவல் சொல்லும். ஆன் செய்த ஐந்தாவது நிமிடத்தில் சரிசெய்துவிட்டுப் போகக் கூடாது. டிரான்சிஸ்டர் சூடாகும்போது கரண்ட் ஏறும், ஏறிய கரண்ட் மேலும் சூடாக்கும். இந்தச் சுழலைத் தடுக்கத்தான் பயாஸ் டிரான்சிஸ்டரை ஹீட் சிங்கில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். நடுவில் உள்ள பேஸ்ட் காய்ந்திருந்தால் அது சூட்டை உணரத் தாமதமாகும். முழுதாகச் சூடேறிய பிறகும் அளவு நிலையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகுதான் கெப்பாசிட்டர் மாற்றும் வேலை. அதுவும் ஒரு போர்டை முடித்து, ஓட்டி, அளந்து, அப்புறம் அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு ஆன் செய்து, ஏதோ தவறு என்றால் எங்கே என்று தேடுவது பெரும்பாடு.

100 வோல்ட் செட்டும் நம் ஊர் மின்சாரமும்

ஜப்பானிலிருந்து வரும் பல செட்டுகள் 100 வோல்ட் மட்டும் ஏற்பவை. ஜப்பானில் கிழக்குப் பகுதி 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பகுதி 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கு தயாரானவை இரண்டுக்கும் பொருந்தும். அமெரிக்காவின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் செட் வேறு. வோல்டேஜைச் சரியாகக் குறைத்தாலும் 50 ஹெர்ட்ஸில் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு 20 சதவீதம் கூடுதல் காந்தப் பாய்வைத் தாங்க வேண்டும். இடம் விடாமல் அளவாகச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் என்றால் உறுமும், சூடாகும். வாங்கும் முன், பின்பக்கத் தகட்டில் 50/60 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைச் சீராக்காது, விகிதப்படி குறைக்க மட்டுமே செய்யும். லைனில் 250 வோல்ட் வந்தால் 230-க்கு 100 என்ற ஸ்டெப் டவுன் 108.7 வோல்ட் தரும். உதாரணமாக, உள்ளே 58 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 63 வரும். பழைய செட்டில் அந்த இடத்துக் கெப்பாசிட்டரின் உச்ச வரம்பே 63 வோல்ட் என்றால், விளிம்பில் நின்று வேலை செய்கிறது என்று பொருள். வோல்டேஜ் ஏறும் பகுதியில் இருப்பவர்கள் நல்ல ஸ்டெபிலைசரையும் சேர்த்தே கணக்கில் எடுக்க வேண்டும். மேலே கணக்குப் போட்ட 50 வாட் கிளாஸ் ஏ செட் சும்மாவே 250 வாட் அளவுக்கு எடுக்கும் என்பதால் 300 வாட் ஸ்டெப் டவுன் போதாது, இரண்டு மடங்குக்குக் குறையாமல் பாருங்கள்.

கம்பெனி கைமாறினால் என்ன போகும்

கெப்பாசிட்டர், ரிலே, பிரீசெட் எதையும் அந்தக் கம்பெனி செய்ததில்லை, எங்கும் கிடைக்கும். கம்பெனியிடம் மட்டும் இருப்பவை மூன்று: டிரான்ஸ்ஃபார்மர், முகப்புத் தகடு, திருகுகுமிழ் போன்ற அந்த மாடலுக்கே உரிய பாகங்கள்; தேர்ந்தெடுத்து ஜோடி சேர்த்த டிரான்சிஸ்டர்களின் இருப்பு; சர்வீஸ் மேனுவல். இவற்றில் மேனுவல் போனால்தான் பெரிய இழப்பு. உங்கள் செட்டின் மேனுவலை இப்போதே தேடி ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் மட்டும் தொடர்வதால் பயனில்லை என்பதற்கு சான்சுய் உதாரணம். ஜப்பானிய நிறுவனம் திவாலாகிவிட்டது. இந்தியாவில் அந்தப் பெயரில் விற்கும் டிவிகள் உரிமம் பெற்ற வேறு நிறுவனங்களின் தயாரிப்பு. ஏயு-919-க்கு அங்கே போய்ப் பாகம் கேட்க முடியாது. ஆனாலும் அந்த செட்டுகள் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. காரணம், அவற்றின் பெரும்பாலான பாகங்களுக்கு மாற்று உண்டு, மேனுவலும் பலரிடம் இருக்கிறது.

மாற்றே இல்லாத மாடல் வைத்திருப்பவர்களுக்கு மிஞ்சும் ஒரே வழி, அதே மாடலில் இறந்துபோன இன்னொரு செட். வி-ஃபெட் செட் வைத்திருப்பவர், ஒரு சேனல் எரிந்த அதே மாடல் கண்ணில் பட்டால் விட்டுவிடக் கூடாது. மற்றச் சேனலின் வி-ஃபெட்டுகள், டிரான்ஸ்ஃபார்மர், சுவிட்சுகள் அனைத்தும் அதில் இருக்கும். "ரிப்பேர் ஆகாது" என்று மெக்கானிக் கைவிரித்த செட்டைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடும் முன், அந்த மாடல் வைத்திருக்கும் இன்னொருவரிடம் கேட்டுப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுக்காகவே அவர் அதை வாங்கிக்கொள்ளக்கூடும்.